மண்ணும் போட்டோவும்

அடுத்த ஐபோன் மடங்குமா மடங்காதா என்று மாதக்கணக்கில் வதந்தி பேசுகிறோம். விமர்சனமெல்லாம் ஏசி அறைக்குள்தான். வீரசோழன் பக்கம் ஒரு கண்மாய்க்குள்ள உச்சிவெயில்ல அதே போனை நீட்டிப் பாருங்க, திரையில் உங்க மூஞ்சிதான் தெரியும்.

நூறு நாள் வேலைக்குச் செயலியில்தான் வருகைப்பதிவு என்று 2023 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் இன்னொன்று. வேலையை முடித்தவளும் இரண்டாவது படத்துக்காகக் காத்துக் கிடக்கணும். படம் ஏறலையா, கூலி சிக்கல். வெட்டின குழி கண்ணெதிரே கிடக்கு, அதுக்கு மதிப்பில்லை!

'பயனருக்கு எளிது' என்கிறார்களே, யார் அந்தப் பயனர்? மம்பட்டி பிடித்தவளா, டெல்லியில் டாஷ்போர்டு பார்ப்பவரா? பிடிக்காத போனை நாம் விற்றுத் தொலைக்கலாம். அவளுக்கு அந்த வழியும் கிடையாது.

மோசடியைத் தடுக்கத்தானே என்பார்கள். தடுத்ததா? போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்கள் வருகின்றன என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம்? ஊராட்சி அளவில் ஒவ்வொரு படத்தையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்கணுமாம்.