வரைந்தது எளிது, கடைந்தது கடினம்

இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். ஒரு பித்தளைப் புஷ்ஷைக் கணினியில் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடுவேன். ஈப்போவில் மாமா வீட்டுக் கார் போர்ச்சில் இருக்கும் சிறிய லேத்தில் அதையே கடைய ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. வாசல் கேட் சக்கரத்துக்கான புஷ் அது.

வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர் வேண்டும்; 20.2 இருந்தது. கைப்பிடியை 0.2 திருப்பினேன். உளி 0.2 உள்ளே போனால் விட்டம் 0.4 குறையும். தேர்வில் எழுதிய விஷயம்தான்! (சில லேத்துகளில் விட்டக் கணக்கே பொறித்திருக்கும், மாமாவுடையது அப்படியில்லை.) புஷ் லொடலொடத்தது. மாமா திட்டவில்லை. “அடுத்த துண்டை மாட்டு. சாவியைச் சக்கிலேயே விட்டுட்டு சுவிட்சைப் போட்டுடாதே” என்றார்.

புதுச் சக்கரம் சில வெள்ளிதானே என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். பணக் கணக்கில் அது சரி. ஆனால், நாளை நான் வரைவதை யாரோ ஒருவர் நின்று கடையப் போகிறார். 0.01 மில்லிமீட்டர் துல்லியம் என்று நான் போகிற போக்கில் எழுதுவது அவருடைய அரை நாளைத் தின்னலாம். அது தெரியாமலே பட்டம் வாங்கிவிட முடியும் என்பதுதான் உறுத்துகிறது. பட்டறை வகுப்பு கடைசி ஆண்டு வரை இருக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, உறவினர் யாரிடமாவது லேத் இருந்தால் விடுமுறையில் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். மோதிரம், கையுறை வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.