இழுக்கும், சரி, நிற்குமா?

பிக்அப் வண்டி பெரிய பின்வண்டியை இழுக்குமா என்று கேட்டால், இழுக்கும் என்றுதான் நாமும் சொல்லுவோம். இன்றைய டீசல் பிக்அப்பின் எஞ்சின் சாமானியப்பட்டதல்ல. மூன்று டன் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிவிட்டாலும் முனகாமல் கிளம்பிவிடும். இதைக் கண்ட நிர்வாகிகள் சிலர், "பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாகப் போகிறது! இதற்கு ஒரு லோரி எதற்கு, லோரி லைசென்ஸ் உள்ள டிரைவர் எதற்கு?" என்று உடனே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கைத்தான் நாம் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

தேர் இழுத்த இனம் நம்முடைய இனம். தேரை இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். வடத்தைத் தொட்டால் புண்ணியம் என்று முண்டியடிப்பார்கள். ஆனால் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுகிறானே ஒருவன், அவனை நம்பித்தான் தேரோட்டமே நடக்கிறது. 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. கடவுளின் தேருக்கே பிரேக் வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பின்வண்டிக்கு வேண்டாமாம்!

வண்டி செய்தவனே என்ன சொல்லுகிறான், பாருங்கள். ஆஸ்திரேலியாவில் விற்கும் ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்ற நான்கு சக்கர இயக்க பிக்அப்புகளுக்கு இழுவை வரம்பு 3,500 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். நிர்வாகி இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அதன் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது: பின்வண்டிக்குச் சொந்த பிரேக் இல்லையென்றால் வரம்பு 750 கிலோதான். 3,500 எங்கே, 750 எங்கே! அந்த நாட்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. 2 டன்னுக்கு மேற்பட்ட பின்வண்டியானால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் இருக்க வேண்டும். கொக்கி கழன்றால் அந்த பிரேக் தானாகவே பிடிக்கவும் வேண்டும்.

நம் தோட்டங்களில் பட்டறையில் இரும்பை ஒட்டிச் செய்த பின்வண்டிகள் எத்தனைக்கு பிரேக் இருக்கிறது? தோழர்களே, நாளைக் காலையில் பிரட்டு முடிந்ததும் குனிந்து பாருங்கள்.

3,500 என்ற அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி, பின்வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்த மொத்த எடைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் அது 6 டன்னை ஒட்டியே இருக்கும். பிக்அப் மட்டும் ஏறத்தாழ 2,100 கிலோ. பின்னால் 3,500 கிலோ. இரண்டும் சேர்ந்து 5,600 ஆகிவிட்டது. மிச்சம் 400 கிலோ. அதில் ஐந்து ஆட்கள் ஏறினால் 300 கிலோவுக்கு மேல் போய்விடும். அப்புறம் உரமூட்டை எங்கே ஏறும், மருந்து டின் எங்கே ஏறும்? "ஆளையும் ஏற்று, சரக்கையும் ஏற்று, பின்னால் டிரெய்லரையும் கட்டு" என்ற உத்தரவு வண்டி செய்தவனின் கணக்கிலேயே அடங்கவில்லை.

வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டி, அளவுக்கு மிஞ்சினால் அச்சு முறியும் என்று அன்றே சொல்லிவிட்டார். ஆனால் அவர் காலத்து வண்டியில் மாடு இருந்தது. பாரம் தாங்காவிட்டால் மாடு நின்றுவிடும், அடித்தாலும் நகராது. எஞ்சினுக்கு அந்த அறிவு கிடையாது. மிதித்தால் போகும், போன பிறகுதான் தெரியும்.

பிரேக் இல்லாத 3 டன் பின்வண்டி பின்னால் இருந்து தள்ளும்போது, 2 டன் பிக்அப்பின் பிரேக் 5 டன்னை நிறுத்த வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. வளைவிலே பிடித்தால் பின்வண்டி முன்வண்டியைத் தள்ளிக் குறுக்கே திருப்பிவிடும். கத்தரிக்கோல் மடங்குவதுபோல இரண்டும் மடங்கும். இது சமதரையில். இறக்கத்தில் என்ன ஆகும் என்பதைப் பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பாலிக் பூலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாகப் பாயா தெருபோங் பக்கம் இறங்குகிறவர்களுக்கு, பிரேக் சூடேறி நாற்றம் அடிப்பது என்றால் என்ன என்று தெரியும். சூடேறிய பிரேக் பிடிப்பு இழக்கும். காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சாலை இறங்கி முடியுமிடத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிகளில் வாழ்கின்றன.

பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் பெரிய விஷயம். பின்வண்டி எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்பக்கம், கொக்கியின்மேல் அமர வேண்டும் என்பது பொதுவிதி. செம்பனைக் குலையைப் பின்பக்கமாகவே குவித்துவிட்டால் கொக்கி மேலே தூக்கும். வேகம் கூடியதும் பின்வண்டி பாம்புபோல நெளியும். 1985-ல் திறந்த பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, நெளிகிற பின்வண்டியோடு நடுப்பாலத்தில் ஒதுங்க இடம் எங்கே?

கித்தாப் பால் ஏற்றுகிற தோட்டங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2,000 லிட்டர் பால் ஏறத்தாழ 2 டன். தொட்டி நிறைந்திருந்தால் பால் அசைய இடமில்லை. பாதித் தொட்டியானால், வளைவில் அத்தனை பாலும் ஒரு பக்கமாக ஓடிச் சாயும். பிரேக் பிடித்தால் முன்னால் வந்து மோதும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில், "பாதிதானே, பாரம் குறைவுதானே" என்று அனுப்புவதைவிட அறியாமை வேறில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? வெட்டுக்காரர் கொண்டுவரும் பாலை நிறுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று சோதித்து எழுதுகிறார்கள். செம்பனைக் குலை ஆலைக்குப் போனால் எடைமேடையில் ஏற்றாமல் ஒரு குலைகூட உள்ளே போகாது. காசு சம்பந்தப்பட்ட இடத்தில் கிலோக் கணக்கு கறாராக இருக்கிறது. அதே சரக்கு ரோட்டில் போகும்போது மட்டும், "சுமார் ஒரு லோடு" ஆகிவிடுகிறது!

"இத்தனை வருஷமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஒன்றும் ஆகாத நாள்களின் பெருமை பிரேக் இல்லாத வண்டிக்கா, உயிரைக் கையில் பிடித்து ஓட்டிய தொழிலாளிக்கா? "மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறோம்" என்பார்கள். மாலைக்குள் நாலு நடை முடிக்கச் சொன்னதும் அதே வாய்தானே!

2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தான் அருகே நடந்ததை நம் மக்கள் மறக்கமாட்டார்கள். சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குக் காவல் நின்றுவிட்டு ஈப்போ திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர், ஜல்லி ஏற்றிய லோரி மோதி மாண்டார்கள். அது பிக்அப் அல்ல, பெரிய லோரி. ஆனால் விசாரணையில் வெளிவந்த காரணம் நாம் பேசுகிற காரணமேதான்: அனுமதித்ததற்கு மேல் பாரம், அத்தோடு பழுதான ஸ்டீயரிங். சில நாளிலேயே ஓட்டுநர் நீதிமன்றத்தில் நின்றார். கம்பெனியின் அனுமதியையும் அரசு நிறுத்தியது. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் உயிர்ப்பலிக்கு ஐந்து முதல் பத்தாண்டு சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி அபராதம். இது ஸ்டீயரிங்கில் இருந்தவன் தலையில்தான் முதலில் விழுகிறது. பாரத்தை ஏற்றச் சொன்னவர் அப்போது ஆபீசில் இருப்பார்.

பிக்அப் விஷயத்தில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. 2025 அக்டோபர் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்குத்தான். பிக்அப் தனியாக அந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது. பின்வண்டியை மாட்டினால் 6 டன் தொடர். சட்டத்தின் கண்ணுக்குச் சின்ன வண்டி!

ஆகவே நாம் கேட்பது இதுதான். பிக்அப்பில் பின்வண்டி கட்டவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த வண்டிக்கு உரிய வரம்பு எத்தனை என்று கதவில் எழுதுங்கள். பின்வண்டியின் வெற்று எடையையும் ஏற்றக்கூடிய எடையையும் அதன் பக்கத்தில் பெயிண்டால் எழுதுங்கள். 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வைத்த பின்வண்டி கொடுங்கள். இல்லையேல் லோரி அனுப்புங்கள். பின்வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள். எத்தனை நடை, எவ்வளவு பாரம் என்ற உத்தரவை வாயால் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1-ல் அமலுக்கு வந்துவிட்டது. அதன் 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருக்கிறதென்று நியாயமாக நம்பி முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம்; அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பாதுகாப்புக் கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை. மண்டோர் முறைத்தால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால், பின்வண்டியின் படத்தையும் கொக்கியின் படத்தையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் மேஜைமேல் முதலில் வைக்க வேண்டியவை அந்தப் படங்கள்தான்.