பெரியம்மாவுக்கு மதுரையில் ஓர் அறை

எங்கள் பெரியம்மாவுக்கு அறுபத்தேழு வயது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் துப்புரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்றவர். "மதுரைக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று கேட்டால் விரல்விட்டு எண்ணுவார். பெரியப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள். சித்திரைத் திருவிழாவுக்கு வைகை மணலில் நாலைந்து ராத்திரி. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு மாட்டுத்தாவணியில் ஒரு ராத்திரி. இத்தனை தடவையில் ஒருமுறைகூட அவர் மதுரையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்ததில்லை.

இந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து ஆறு பெரியவர்களை மதுரைக்கு அழைத்துப் போக முடிவு செய்தோம். ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ இல்லை, ஊர் பார்க்க. கீழடி அருங்காட்சியகம், காந்தி மியூசியம், மீனாட்சியம்மன் கோயில். இரண்டு ராத்திரி தங்கல். தலைக்கு ஒரு ராத்திரிக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் நம்மால் முடியாது. மாடி ஏற முடியாதவர்கள் இரண்டு பேர், குத்தவைத்து உட்கார முடியாதவர்கள் மூன்று பேர். இடம் பார்க்கும் வேலை எனக்கும் கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்திக்கும்.

"வெறும் லாட்ஜ் வேணாம்ணே. முற்றம், தூண், திண்ணை இருக்கிற பழைய வீடாப் பார்ப்போம். பெரியவங்க வாழ்க்கையில ஒருதடவை அப்படித் தங்கட்டுமே" என்றாள் தங்கை. நியாயமான ஆசை. இணையத்தில் தேடினால் அப்படி ஒரு வீடு கிடைத்தது. கீழ்த்தளத்தில் இரண்டு அறை, இரண்டும் சேர்த்து மூவாயிரம். கணக்கு சரியாக இருந்தது. போன் போட்டேன்.

வீட்டுக்காரர் இனிமையாகத்தான் பேசினார். எத்தனை பேர் என்றார். எந்த ஊர் என்றார். ஊரில் எந்தத் தெரு என்றார். பெரியவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், சுத்த சைவமா என்றார். தெருப் பெயரைச் சொன்னபோது குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த இரண்டு நாளும் ஏற்கெனவே புக் ஆகிவிட்டது என்று மட்டும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அரை மணி நேரம் கழித்து, வேறு தெருவில் பிறந்த நண்பர் ஒருவரை அதே தேதிக்குக் கேட்கச் சொன்னோம். அறை இருந்தது. "வயசானவங்கன்னா கீழ் ரூமையே எடுத்துக்கோங்க" என்ற கரிசனமும் இருந்தது.

இதைப் பெரியம்மாவிடம் மறைக்கப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இருபத்தெட்டு வருசம் அந்த மாதிரித் திண்ணைக்கு முன்னாடி தெருக் கூட்டியிருக்கேன். ஒருநாளும் உக்காந்ததில்ல. இப்ப உக்காரலைன்னா என்ன கொறஞ்சிரும்? எங்கயாச்சும் ஒரு மண்டபத்துல படுத்துக்கலாம், இல்லைன்னா விடுப்பா" என்றார்.

அந்த "விடுப்பா" என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தோழர்களே, பழைய நகரங்களில் இன்று விற்கப்படும் பெரிய சரக்கு "பாரம்பரியம்". தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, பித்தளைச் சொம்பு, வாழை இலை, வாசலில் கோலம். விளம்பரத்தில் இவையெல்லாம் அழகு. ஆனால் அந்தத் திண்ணை யார் உட்கார, யார் நிற்கக் கட்டப்பட்டது என்பதை விளம்பரம் சொல்லாது. கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு வழி எதற்கு இருந்தது என்பதையும் சொல்லாது. முற்றத்தைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டார்கள். வாசலில் நின்று சாதி கேட்ட பழக்கத்தை மட்டும் தொலைபேசிக்கு மாற்றிக்கொண்டார்கள். "ஃபேமிலிக்கு மட்டும்", "சுத்த சைவம்", "நல்ல ஆட்களுக்கு மட்டும்" என்று அதற்குப் புதுப்பெயர்கள்.

மதுரை இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஊர் இல்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் ஐந்து பேரும் நாடார் சமூகத்தவர் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, அதைத் தாண்டிச் சட்டமும் வந்தது. அந்தக் கோயிலுக்குள் இன்று பெரியம்மா போகலாம். கோயிலைப் பார்க்க வந்தவர் ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் இன்னும் தெருப் பெயரைக் கேட்டு முடிவாகிறது.

தங்குமிடம் சின்ன விஷயம், பெரிய போராட்டங்கள் இருக்கின்றன என்று சிலர் சொல்வீர்கள். பாபாசாகேப் அப்படி நினைக்கவில்லை. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்தவருக்கு அந்த நகரத்தில் படுக்க இடமில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரைப் போட்டுத் தங்க வேண்டியிருந்தது. பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. இடம் கேட்ட நண்பர்களும் சாக்குச் சொன்னார்கள். பொதுப்பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். பல வருடம் கழித்துத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அதை எழுதும்போதும் அந்த நாள் அவரைக் கலங்கவைத்தது. டாக்டர் பட்டத்துக்குப் படித்தவருக்கே ஒரு கட்டிலும் கூரையும் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. பெரியம்மாவுக்கு மட்டும் அது எப்படிச் சின்ன விஷயமாகும்?

இன்னொரு உண்மையையும் பேசுவோம். புண்ணியத்தலங்களில் வயதானவர்களுக்கு மலிவாகக் கிடைக்கும் இடங்களில் பல சாதிச் சத்திரங்கள், சாதி மடங்கள். பழனிக்குப் போங்கள், ராமேசுவரத்துக்குப் போங்கள், பெயர்ப்பலகையிலேயே சாதி இருக்கும். 1904இல் காசியில் பிராமணர்களுக்கு மட்டும் சோறு போட்ட சத்திரத்தில் பெரியார் பசியோடு விரட்டப்பட்ட கதை தெரியும்தானே? அந்த அவமானத்தைக் கதையாகச் சொல்லிக்கொண்டே தத்தம் சாதிக்கு மட்டும் சத்திரம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எம்மவர் கைக்காசு போட்டு எழுப்பிய மடங்களும் சில ஊர்களில் உண்டு. ஆனால் சத்திரத்துக்கு எழுதிவைக்க நிலம் யாரிடம் இருந்தது? ராணி மங்கம்மாள் பெயரிலான சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. வழிப்போக்கருக்கு இடம் தருவது ஆட்சியின் கடமை என்ற நினைப்பு இந்த மண்ணில் இருந்தது. எந்த வழிப்போக்கருக்கு என்பதில்தான் எப்போதும் கோளாறு.

"இது என் வீடு, யாரை வைத்துக்கொள்வது என்பது என் இஷ்டம்" என்று வாதாடுவார்கள். பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு, ஓட்டல்களில் நுழைய சாதி தடையாக இருக்கக்கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓட்டல் என்றால் தங்கும் விடுதியும் அடங்கும். தர்மசாலையும் சத்திரமும் அதன் 4ஆம் பிரிவில் வருகின்றன. பணம் வாங்கிக்கொண்டு, ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்து அறை விடுகிறவர் விடுதிதான் நடத்துகிறார். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், தீண்டாமையின் பேரில்தான் அந்தச் செயல் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அப்படி இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. கூடவே அபராதம், நூறு முதல் ஐந்நூறு ரூபாய். ஒரு ராத்திரி அறை வாடகைகூட இல்லாத அந்த அபராதத்தை இந்த அரசுகள் எதுவும் உயர்த்தவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி நம் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் மாநாடுகளுக்கு ஊரிலிருந்து வரும் பெரியவர்களை எங்கே படுக்கவைக்கிறோம்? கல்யாண மண்டபத்துத் தரையில், ஜமுக்காளத்தில், இருநூறு பேருக்கு நாலு கழிப்பறை. பேச்சாளர்களுக்கு ஏசி அறை. "நம்ம சனங்க, எங்கயும் படுத்துக்குவாங்க" என்று நாமே சொல்லியிருக்கிறோம். அவர்கள் எங்கேயும் படுத்துக்கொண்டது வேறு வழி இல்லாததால். அதை எளிமை என்று நாம் கொண்டாடினால், பெரியம்மா "மண்டபத்துல படுத்துக்கலாம்" என்று சொன்னதற்கு நாமும் பொறுப்பு.

பழைய வீடுகளே சாதியின் வீடுகள், அவற்றைப் புறக்கணிப்போம் என்றும் ஒரு தோழர் சொன்னார். எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தது யார், சுண்ணாம்பு அரைத்தது யார்? மதுரையின் அழகில் நம் ஆட்களின் உழைப்புக்குப் பங்கு உண்டு. அழகான இடத்தில் தங்கும் ஆசையை நம் பெரியவர்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆகவே இளம் தோழர்களுக்குச் சில வேலைகள். பெரியவர்களுக்கு இடம் பார்க்கும்போது முதலில் உடம்பைப் பாருங்கள்: கீழ்த்தளமா, லிஃப்ட் உண்டா, உட்காரும் கழிப்பறையா, பிடித்து எழக் கைப்பிடி உண்டா, வெந்நீர் வருமா, ஆட்டோ வாசல்வரை வருமா. பிறகு கேள்விகளைப் பாருங்கள். எத்தனை பேர், என்று வருகிறீர்கள், அடையாள அட்டை எது, இந்த மூன்றோடு நிற்கிற இடம் நல்ல இடம். தெருவும் உணவும் தொழிலும் கேட்டால் நேரத்தையும் பேசியதையும் குறித்துவையுங்கள். ஆதார் முகவரியில் "காலனி" என்று இருப்பதே வரவேற்பு மேசையில் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். உங்கள் ஊரில் நீங்கிவிட்டதா என்று போய்ப் பாருங்கள்.

கூடவே அரசின் இடங்களைக் கேட்டு வாங்குங்கள். ரயில் நிலைய ஓய்வறைக்குப் பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண் போதும், பாட்டன் பெயர் வேண்டாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு மதுரையில் ஓட்டல்கள் உண்டு. வயதானவர்களுக்கு அங்கே கட்டணச் சலுகையும் கீழ்த்தள அறையும் கேட்பது நம் கோரிக்கையாக வேண்டும். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை, பெண்களுக்குப் பாதி, ஆண்களுக்கு நாற்பது சதவீதம், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஏழைப் பெரியவர்கள் ஊர் பார்ப்பதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள்தான் அப்படி நிறுத்துவார்கள்.

நாங்கள் கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜில் தங்கினோம். சிவப்பு சிமெண்ட் தரை, உயரமான கூரை, மரச்சட்டம் போட்ட ஜன்னல், பின்கட்டில் ஒரு வேப்பமரம். மேனேஜர் ஆறு அட்டைகளை வாங்கி எழுதிக்கொண்டார். "பெரியவங்களுக்குக் காலையில காப்பி எத்தனை மணிக்கு வேணும்?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திறந்தார். திரும்பவும் போட்டார்.

ஊர் திரும்பியதும் அந்தப் பழைய வீட்டின் மீது புகார் எழுத உட்கார்ந்தோம். இரண்டு போன் அழைப்புகளின் நேரமும் பேச்சும் குறிப்பில் இருக்கின்றன. "என் பேரை மட்டும் போடுறேன் பெரியம்மா, உங்களை அலைய விடமாட்டேன்" என்றேன்.

"ரூம் இல்லைன்னு சொன்னது எனக்குத்தானே? என் பேரை மொதல்ல போடு" என்றார்.