சைக்கிள் கொடுத்தாயிற்று, பாதை எங்கே?

அரசு ஆவணங்களில் அதற்குப் பெயர் 'விலையில்லா மிதிவண்டி'. ஊரில் அது 'கவர்மென்ட் சைக்கிள்'. ஆண்டுதோறும் அரசுப் பள்ளி மைதானங்களில் அவை வரிசையாக நிற்கும். யாராவது ஒரு பிரமுகர் வருவார், பிளஸ் 1 மாணவ மாணவியருக்கு வழங்குவார், படம் எடுப்பார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு மாணவி பள்ளி வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. அது தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் சாலையாகவோ அரூர் சாலையாகவோ இருந்தால், தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஒரு சாண் விளிம்புதான் அவளுக்கான பாதை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்கியாக வேண்டும். ஜல்லி பெயர்ந்து கிடக்கும் இடமென்றால் காலை ஊன்றி நின்றுவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் நடைபாதை, சைக்கிள் பாதை என்று பேச்செடுத்தாலே கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரியில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அந்த நேரத்தில் அங்கே காலாற நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2014 அக்டோபரில் சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கார்களை நிறுத்திவிட்டுச் சாலையைச் சிறுவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் விட்டார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் கடலோரம் என்பதும் வெறும் காட்சிப் பொருள் அல்ல. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையோர மீன் கடைகளை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது, நொச்சிக்குப்பம் மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கடலோரச் சாலை யாருக்கு என்ற கேள்வி அன்றைக்கு மீன் கூடையோடு நடுத்தெருவுக்கு வந்தது.

அதே கேள்வியைத் தருமபுரியிலும் கேட்க வேண்டியிருக்கிறது. 2023 நவம்பர் 4ஆம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஜப்பானில் உள்ள ஒரு நடைபாதையின் தாக்கத்தில் 38 மாவட்டங்களிலும் தலா 8 கி.மீ. நடைப்பயிற்சித் தடம் குறிக்கப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே மருத்துவ முகாமும் உண்டு என்று அறிவித்தார்கள். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் பெருகிவிட்ட மாநிலத்தில் இதைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் இது உடம்பு இளைக்க நடப்பவர்களுக்கான தடம். வேறு வழியில்லாமல் நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும் இதுபோல் ஒரு தடத்தை இதுவரை எந்த மாவட்டமும் முறையாகக் குறித்ததாகத் தெரியவில்லை. கடலில்லாத, பெரிய நகரமில்லாத தருமபுரிதான் அதைத் தொடங்க வேண்டும்.

ஏன் தருமபுரி? 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது: 68.5 சதவீதம். மாநில சராசரி 80. ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன, மேல்நிலைப் பள்ளிகள் பெரிய கிராமங்களில் மட்டும் இருக்கின்றன. எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பிறகு பெண் பிள்ளையின் படிப்பு தொடருமா நிற்குமா என்பதைப் பல வீடுகளில் தூரம்தான் முடிவுசெய்கிறது.

இதை வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. அதைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேரும் மாணவியர் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பலன் பெரும்பாலும் பள்ளியிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் தெரிந்தது. தமிழ்நாட்டுக்கு இது புதுச் செய்தியும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பள்ளி மாணவியருக்கான சைக்கிள் திட்டமும் பீகாருக்கு முன்பே, 2001-02இல், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காக இங்கே தொடங்கிவிட்டது. பிறகு அது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் 1 படிக்கும் அனைவருக்குமாக விரிந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சைக்கிள் வாங்கச் செலவாகியிருக்கிறது. அது ஓடுவதற்கான இடத்துக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு துறையும் இல்லை.

அதற்குக் காரணமும் உண்டு. கிராமத்திலிருந்து பள்ளிக்கு நாலு கி.மீ. மிதிக்கும் மாணவி, ஊராட்சி ஒன்றியச் சாலையில் புறப்பட்டு, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் ஏறி, தேசிய நெடுஞ்சாலையை வெட்டிக் கடந்து, நகராட்சித் தெருவில் முடிக்கலாம். நாலு கி.மீ.க்கு நாலு எஜமானர்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த மாவட்டத்தை வடக்கு தெற்காகப் பிளந்துகொண்டு போகிறது. தொப்பூர் கணவாயில் நடக்கும் லாரி விபத்துகள் மாநிலம் முழுக்கத் தெரியும். அதே சாலையை ஒட்டிய ஊர்களில் பிள்ளைகள் அன்றாடம் அதைத் தாண்டுகிறார்கள் என்பது அவ்வளவு தெரியாது. சுரங்கப்பாதை எங்கோ தள்ளி இருந்தால், சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில்தான் சைக்கிள் போகும். அதை 'விதிமீறல்' என்று எழுதுவது எளிது. நேர்வழி வைக்காத எஸ்டிமேட்டை விதிமீறல் என்று யாரும் எழுதுவதில்லை.

நாட்டில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள், அதாவது ஐந்தில் ஒருவர்.

மறுப்புகள் வரும். மாணவர்களுக்குப் பஸ் பாஸ் உண்டு, 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணமே இல்லை, பிறகு சைக்கிள் பாதை எதற்கு என்பார்கள். டவுன் பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அங்கிருந்து ஊருக்குள் இரண்டு கி.மீ. இருக்கும். ஸ்பெஷல் கிளாஸ் முடியும் நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் பொருந்தாத நாட்களே அதிகம். கொடுத்த சைக்கிளை விற்றுவிடுகிறார்கள் என்பது இன்னொரு பேச்சு. விற்பவர்கள் இருக்கலாம். லாரி போகும் சாலையில் மகளை அனுப்பப் பயந்து சைக்கிளைத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கும் வீடு, அதை எத்தனை நாளைக்கு வைத்திருக்கும்?

கடைக்காரர்களின் எதிர்ப்பு இன்னும் வலுவாக வரும். வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் போகும் என்ற அச்சம் சென்னை பாண்டி பஜாரிலும் இருந்தது. 2019 நவம்பரில் தியாகராய சாலையில் அகலமான நடைபாதை திறக்கப்பட்ட பிறகும் அங்கே கடைவீதி கடைவீதியாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையிடம் எச்சரிக்கையும் கற்க வேண்டும். 2014இல் மாநகராட்சி ஏற்ற கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் ஒதுக்கச் சொன்னது. அந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு இன்று சென்னையில் எந்தத் தெருவில் நடந்தாலும் கொள்கைக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் காலுக்குத் தெரியும்.

நெதர்லாந்தைச் சைக்கிள் நாடு என்கிறோம். 1971இல் அங்கே சாலைகளில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் தெருவில் இறங்கிய பிறகே அரசு பாதைகளைப் பிரிக்கத் தொடங்கியது. அங்கும் பள்ளிப் பிள்ளையை வைத்துத்தான் தொடங்கினார்கள்.

ஆகவே பள்ளி வாசலிலிருந்து தொடங்குவதே முறை. தருமபுரி ராமாக்காள் ஏரிக்கரை போன்ற இடங்களில் நடைபாதையும் நிழலும் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை, அது இரண்டாவதாக வரட்டும். முதலில் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் எந்தெந்த ஊரிலிருந்து, எந்தச் சாலை வழியாகப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று தலைமையாசிரியரிடமே கேட்டு வரைபடம் போடலாம். அதற்குக் கன்சல்டன்ட் வேண்டாம். அந்தச் சாலைகளை அகலப்படுத்த எஸ்டிமேட் போடும்போதே, தாரோடு தாராக ஓரத்தில் சைக்கிளுக்கும் நடைக்கும் இடம் பிரித்து, மழைநீர் தேங்காமல் போட வேண்டும். ஊருக்குள் நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும், அதன் விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதியே இருக்கிறது. நடைபாதை என்று பல ஊர்களில் கட்டி வைத்திருப்பது சாக்கடைக்கு மூடி. ஏறுவதற்கு முழங்கால் பலம் வேண்டும்.

பென்னாகரம் பக்கத்து மலையூர்களில் 'நடைபாதை' என்றால் அர்த்தமே வேறு. கோட்டூர் மலைக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிய படங்களை நாடே பார்த்திருக்கிறது. வாக்குப்பெட்டிக்கு வழி கண்டுபிடிக்கும் நிர்வாகத்துக்குப் புத்தகப் பைக்கு வழி கண்டுபிடிப்பது முடியாத காரியம் அல்ல.

நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மாநிலங்களுக்கு உத்தரவும் இட்டிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அந்த நாலு எஜமானர்களின் அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அதுதான். தருமபுரிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கல்வித் துறையையும் உட்கார வைத்து, மாவட்டத்துக்கு ஐந்து பள்ளிகள், பள்ளிக்கு ஐந்து கி.மீ. என்று முதல் ஆண்டுக்கான சாலைகளின் பெயரை எழுதட்டும். அடுத்த பிளஸ் 1 வகுப்புக்குச் சைக்கிள் வந்து இறங்குவதற்குள் அந்தப் பட்டியல் டெண்டர் வரைக்குமாவது போயிருக்க வேண்டும்.