பணிப்பெண்களின் பயணமும் அரசின் கடமையும்

வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணமே நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்கிறது என்பதை ஆட்சிக்கு வரும் எவரும் கூறத் தவறுவதில்லை. பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழில் தேடி வெளியேறினர். 2024 இல் நாட்டுக்குக் கிடைத்த இத்தகைய வருமானம் 6.5 பில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டியது.

இந்த வருமானத்தில் கிழக்கு மாகாணத்திலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் மத்திய கிழக்குக்குச் சென்ற பணிப்பெண்களின் வியர்வையும் கலந்துள்ளது. அவர்களை அனுப்புவது வறுமை மட்டுமன்று. தொழிலுக்குச் செல்லும் ஆண்கள் பெரும்பாலும் முகவருக்குப் பணம் கட்ட வேண்டியுள்ளது. பணிப்பெண்ணாகச் செல்பவருக்கோ முகவரே முற்பணம் கொடுக்கிறார். கடனில் மூழ்கிய குடும்பத்துக்கு அது உடனடி நிவாரணம். ஆனால், அப்பணம் செலவான பின்னர் அப்பெண்ணால் பயணத்தைக் கைவிட முடிவதில்லை. சென்றடைந்த நாட்டிலோ, தொழில் வழங்குநருடன் அவரைப் பிணைக்கும் கபாலா முறை காத்திருக்கிறது. 2021 இல் சவூதி அரேபியா அறிமுகப்படுத்திய தொழில் சீர்திருத்தங்கள் கூட வீட்டுப் பணியாளர்களை உள்ளடக்கவில்லை.

மூதூரைச் சேர்ந்த றிஸானா நபீக்கை நாம் மறந்துவிட முடியாது. வயதை அதிகரித்துக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005 இல் சவூதி சென்ற அந்தச் சிறுமி, தனது பராமரிப்பிலிருந்த சிசுவின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9 ஆம் திகதி மரண தண்டனைக்குள்ளானார்.

அதே ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் செல்வது தடுக்கப்பட்டது. 2022 இல் டொலர் தட்டுப்பாடு ஏற்பட்டதும் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகளுக்குத் தாயின் அரவணைப்பு தேவைப்படும் காலம் இடையில் குறைந்துவிடவில்லை. மாறியது திறைசேரியின் தேவையே. தடை இருந்த காலத்திலும் வறுமை நீங்கவில்லை. முறைசாரா வழிகளே பெருகின. சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் மனித வணிகத்துக்குள்ளான விவகாரம் 2022 இல் அம்பலமானதை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

பெண்களைத் தடுப்பதும் பின்னர் டொலருக்காகக் கதவைத் திறப்பதும் கொள்கையாகாது. உப முகவர்களின் முற்பண வலையை அறுப்பதும், தொழில் வழங்குநரை மாற்றும் உரிமையை இருதரப்பு உடன்படிக்கைகளில் வற்புறுத்துவதும், கிராமங்களிலேயே வருமானத்துக்கு வழிசெய்வதும் அரசின் கடமைகளாகும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய அறங்காவலர் சபைகளும் மாதர் சங்கங்களும் கடனில் தவிக்கும் குடும்பங்களை முகவருக்கு முன்னரே அணுக வேண்டும். விரும்பிச் செல்பவர் பாதுகாப்புடன் செல்லவும், விரும்பாதவர் செல்லாதிருக்கவும் வழி இருக்க வேண்டும். அந்நாள் வரை, வந்து சேரும் டொலர்களைப் பெருமையுடன் எண்ணிப் பார்க்கும் தகுதி எமக்கில்லை.