வார்டை அறியாத வாக்காளர்

தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 19 அன்று நடைபெற்ற நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 60.70 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. இந்தச் சராசரியைப் பிரித்து நோக்கினால், பேரூராட்சிகளில் 74.68, நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22 என வாக்குப்பதிவு படிப்படியாக இறங்குவதும், 21 மாநகராட்சிகளுள் சென்னை 43.59 விழுக்காட்டுடன் கடைசியில் நிற்பதும் புலப்படும். நகரத்தாரின் அலட்சியம் என்று இதனைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே நாளில் கரூர் மாநகராட்சி 75 விழுக்காட்டைக் கடந்திருப்பதால், காரணத்தை வாக்காளரின் மனப்போக்கில் தேடுவதைவிட உள்ளாட்சியின் அமைப்பில் தேடுவதே தகும்.

சென்னையின் 200 வார்டுகளில் ஏறத்தாழ 61 லட்சம் வாக்காளர்கள் இருந்தனர். அதாவது, சராசரியாக ஒரு வார்டுக்கு 30,000 பேர். வேட்பாளர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் சென்று பேசுவது பேரூராட்சியின் சிறிய வார்டில் இயல்பாக நடப்பது. மாநகர வார்டிலோ அது பெரும்பாலும் இயலாதது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998-இல் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் ஆகியோர் நடத்திய கள ஆய்வில், நேரில் சென்று அழைத்தது வாக்குப்பதிவைத் தெளிவாக உயர்த்தியதும், தொலைபேசி அழைப்பு பயன் தராததும் தெரியவந்தன என்பது இங்கே நினைக்கத்தக்கது. வாக்காளர் விழிப்புணர்வுக்கான விளம்பரப் பலகைக்கும் குறும்படத்திற்கும் செலவிடப்படும் தொகையில் ஒரு பகுதியேனும் வீடுவீடாகச் செல்வதற்கு ஒதுக்கப்பட வேண்டும்.

இதனினும் ஆழமான காரணம் உள்ளாட்சி மன்றங்கள் இல்லாமற்போன காலம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்களின் இடத்தில், தேர்ந்தெடுக்கப்படாத அரசு அதிகாரிகளான தனி அலுவலர்கள் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நிர்வகித்தனர். 2011 அக்டோபர் தேர்தல் முடிந்த அடுத்த மாதம் 18 வயதை எட்டிய சென்னைவாசி ஒருவர் மாமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களிக்க 28 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-யு பிரிவு விதித்திருந்தும், 2006-இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்தியிருந்தும் நேர்ந்த இந்த இடைவெளி, வாக்களிக்கும் பழக்கத்தையே அறுத்துவிட்டது.

வாக்காளர் பட்டியலையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாநிலத் தேர்தல் ஆணையம் சட்டமன்றப் பட்டியலையே வார்டுவாரியாகப் பிரித்துப் பயன்படுத்துவதால், இறந்தோரும் வீடு மாறிச் சென்றோரும் அதில் நீக்கப்படாதிருந்தால் விழுக்காட்டின் வகுஎண் பெருத்து, வாக்குப்பதிவு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். வாடகைக் குடியிருப்பு மிகுந்த பெருநகரில் இந்தப் பிழைக்கு இடம் அதிகம்.

வார்டுக்குள் குடிமக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கு 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அது முறையாகக் கூடும் வார்டில் மாமன்ற உறுப்பினரின் பெயரும் பணியும் மக்களுக்குத் தெரிந்திருக்கும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. பெரும்பாலான மாவட்டங்களின் ஊரக மன்றங்கள் 2025 ஜனவரியில் தனி அலுவலர்களிடம் சென்றதுபோல் இவையும் செல்லாதிருக்க, வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, பட்டியல் திருத்தம் ஆகிய பணிகளைத் தேர்தல் அலுவலர்களும் நகராட்சி நிர்வாகிகளும் காலக்கெடுவுக்கு முன்பே முடித்துவைக்க வேண்டும்.