ரம்முக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு?

பாட்டில் அடியில் ரெண்டு பெரிய ஸ்பூன் ரம் மிச்சமா? குடித்தால் செலவு, கேரமல் சாஸ் செய்தால் முதலீடு! சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸில் பிறப்பதுதான் பெரும்பாலான ரம். ஆக, சர்க்கரைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. சேராமல் போகுமா?

அடி கனமான பெரிய பாத்திரத்தில் 200 கிராம் சர்க்கரை, கால் டம்ளர் தண்ணீர். கரைஞ்சதும் கரண்டியைக் கீழே வைங்க. கிளறினால் பாகு மணல் மணலாகப் பூத்துடும். கருந்தேன் நிறம் வந்ததும் அடுப்பை அணைச்சு, 80 கிராம் வெண்ணெய், 100 மில்லி க்ரீம் கொஞ்சம் கொஞ்சமாக. குபுகுபுவென்று பொங்கும். தள்ளி நில்லுங்க! ஒரு சிட்டிகை உப்பு.

ரம் கடைசியில்தான். பாகின் சூடு 170 டிகிரி. ஆல்கஹாலோ 78-லேயே ஆவியாகிற ஆசாமி. எரிகிற அடுப்பில் ஊற்றினால் மீசை மிஞ்சாது. ஸ்பூனில் அளந்து விடுங்க. பாட்டிலைச் சாய்க்காதீங்க.

"சூட்டுல எல்லாம் பறந்துடும் மச்சி" என்பார் நண்பர். நம்பாதீங்க! கொதிக்கிறதில் கலந்து உடனே இறக்கினால் 85 சதவீதம் ஆல்கஹால் அப்படியே நிற்கும் என்கிறது அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணை. 15 நிமிஷம் கொதிச்சாலும் 40 சதவீதம் பாக்கி!

அதனால் ரம் விடும் முன்பே ஒரு கிண்ணம் தனியா எடுத்து வைங்க. பக்கத்து வீட்டு வாண்டு, மாத்திரை சாப்பிடுற மாமா, தொடவே தொடாத நண்பர்... இவங்க ஐஸ்க்ரீமுக்கு அதுதான். சொல்லாமல் ஊற்றுவது விருந்தல்ல சார், மோசடி!